நாக்கைத் தூக்கிக் காட்டு

யானைக்கால் மாத்திரை கொடுக்கிற வாரம் வந்தால் கொசு மருந்து அடிக்கிறவர்களில் சில பேருக்கு மட்டும் கால் காயும். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அந்தச் சில பேரில் நானும் ஒருவன். மற்ற நாளெல்லாம் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புதுச்சேரி உப்பளம் பக்கத்து வாய்க்காலில் முழங்கால் அளவு சாக்கடையில் நிற்கிற தினக்கூலி. பெயர் பக்கிரி. அப்போது ஐம்பத்து நான்கு வயது.

ஆள் போதவில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும் என்றுதான் சூப்பர்வைசர் இராமதாஸ் என்னைக் கூப்பிட்டார். எழுத்து எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அதற்கு முன்னால் சம்பளப் பதிவேட்டில் ரேகைதான். கட்டை விரலில் ஒட்டிய மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பேன். முதியோர் வகுப்பில் பேர் எழுத வந்த பிறகு ஒரு நாள்கூட ரேகை வைத்ததில்லை. கையெழுத்துப் போட எனக்கு மற்றவர்களைவிட நேரம் ஆகும். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

இராமதாஸ் ஒரு தெருவையும் ஒரு நோட்டையும் மாத்திரை டப்பாவையும் கொடுத்தார். நாற்பத்தாறு வீடு, மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் இருநூற்று மூன்று பேர். இரண்டு வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கக் கூடாது, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை. கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது, நம் கண் முன்னால் விழுங்க வேண்டும். பிறகு பேருக்கு நேரே விழுங்கினார் என்றோ விழுங்கவில்லை என்றோ எழுத வேண்டும். இரண்டு நாளில் முடிக்க வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் விழுங்கியிருக்க வேண்டும்.

நல்லபடியாக முடித்தால் ஆபீஸ் வாட்ச்மேன் இடத்துக்கு என் பேரைச் சொல்வதாகவும் இராமதாஸ் சொன்னார். அந்த வாட்ச்மேன் நாற்காலியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை உடைந்தது. அதில் உட்கார்ந்தால் கால் தரையில் படும், தரை ஈரமாக இருக்காது. எனக்கு அது போதும்.

என் மனைவி செல்வாம்பாளுக்கு இடது கால் ஒன்பது வருஷமாக வீங்கி இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை நெறி கட்டிக் காய்ச்சல் வந்து வந்து, கால் அப்படியே நின்றுவிட்டது. புடவையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டுவாள். கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. முதல் நாள் காலையில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து அந்தக் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் கால் இனிமே வத்தப் போறதில்ல. நீ கையில குடுத்துட்டு வந்துடாத. வாயில போட்டத பாத்துட்டு வா" என்றாள்.

அதைத்தான் செய்யப் போனேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று போன பிறகுதான் தெரிந்தது.

முதலில் போன எந்த வீட்டிலும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே கையை நீட்டி வாங்கினார்கள். சில பேர் அங்கேயே விழுங்கினார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வெறும் வயிற்றில் கூடாது என்று நாங்கள் சொன்னதையே எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள். சரி என்று மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். அப்போதும் இன்னும் சாப்பிடவில்லை என்றார்கள். ஒரு அம்மா மாத்திரை வாங்க நீட்டின கையில் மத்தி மீன் வாசனை அடித்தது, விரலிடுக்கில் மஞ்சள்கூட இருந்தது. இன்னும் உலையே வைக்கவில்லை தம்பி என்று என்னிடம் சொல்கிறது அந்தம்மா. நான் என்ன செய்ய முடியும். நோட்டில் விழுங்கவில்லை என்று எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்துவிட்டு, எழுதிக்கோ எழுதிக்கோ என்று உள்ளே போய்விட்டது.

போன வருஷம் சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்ததாம், தலை சுற்றியதாம். உடம்புக்குள் புழு இருந்தால் அது சாகும்போது அப்படி வரும், இரண்டு நாளில் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நானும் சொன்னேன். சைக்கிள் கடை வைத்திருக்கும் கன்னியப்பன், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் பக்கிரி, இந்த மாத்திர அவ்ளோ நல்லதுன்னா உன் பொண்டாட்டி காலு ஏன் அப்பிடியே கெடக்குது?"

கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். வந்த காலை இது வற்ற வைக்காது, இன்னொருத்தருக்கு வராமல் தடுக்கத்தான் இது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் பேருக்கு நேரேயும் விழுங்கவில்லை என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு நேரம் பிடிக்கும். ஒரே நாளில் அத்தனை தடவை எழுதியதில் விரல் மரத்துப்போனது.

இதற்கெல்லாம் மேலே அமலநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் எண்பது வயது சொல்தா. மாடி வீடு. பட்டாளத்தில் சிப்பாய்களுக்கு ஊசி மருந்து கொடுக்கிற வேலை பார்த்தவர் என்பதால் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். கத்தினால் ஒழியக் காது கேட்காது. அதனால் சாதாரணமாகப் பேசுவதே கூவுகிற மாதிரி இருக்கும். அவர் வீட்டு ரகசியம் எல்லாம் தெருவுக்கே தெரியும்.

அவருடைய மருமகள் லினெட் என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். மாத்திரையைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"நான் முழுங்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தன் வந்து ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டுப் போனான். நோட்டுல நான் முழுங்கிட்டேன்னு எழுதிக்கினான். இந்த மாத்திர எனக்கு வேணாம்."

கடைசி வார்த்தை மட்டும் தெருமுனை வரை போயிருக்க வேண்டும். நான் படியிறங்கி வருவதற்குள், சொல்தாவே வேண்டாம் என்கிறார் என்ற பேச்சு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஐந்து வீட்டில் கையைக்கூட நீட்டவில்லை. அந்தக் கிழவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வயசைப் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

சாயங்காலம் நோட்டைக் கொண்டு போய்க் கொடுத்தேன். விழுங்கியவர்கள் நாற்பத்தோரு பேர். இராமதாஸ் இரண்டு தடவை எண்ணினார். மற்ற தெருவெல்லாம் தொண்ணூறு, தொண்ணூற்று இரண்டு என்று வந்திருக்கிறது, உன் தெரு ஒன்று மட்டும் ஏன் இப்படித் தொங்குகிறது என்றார். அவரும் கெட்டவர் இல்லை. மேலே இருந்து அவரை நெருக்குகிறார்கள். நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"கையில வாங்கிட்டாங்கல்ல? உள்ள போயி போட்டுக்குவாங்க. நீ என்னா தொண்டைக்குள்ள எறங்கியா பாக்கப் போற? எல்லாரும் எப்பிடி எழுதுறாங்களோ அப்பிடி எழுதுய்யா."

போடவில்லையே சார் என்றேன். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது, நாற்காலி வேண்டுமா வாய்க்கால் வேண்டுமா என்று நீயே யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஃபேனை நிறுத்தினார்.

வீட்டுக்குப் போய்ச் செல்வாம்பாளிடம் சொன்னேன். அந்த மத்தி மீன் அம்மா யார் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நேராகச் சொல்தா வீட்டுக்குத்தான் போனேன். விழுங்குவதும் விழுங்காததும் உங்கள் இஷ்டம், தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவதாக எண்ணம். லினெட் வெளிச்சத்துக்காக அவரை மாடி வராந்தாவில், தெருவைப் பார்த்து உட்கார வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவருக்குப் பிரெஞ்சு வேகமாக வரும், தமிழ் எழுத்து அவ்வளவு வராது. என் எழுத்து யாருக்குமே வராது. நீயே படி என்று திருப்பிக் கொடுத்தார்.

படித்தேன். கேட்கவில்லை என்றார். இன்னும் சத்தமாகப் படித்தேன். இன்னும் என்றார். கடைசியில் தொண்டை கிழிகிற மாதிரி படிக்க வேண்டியதாயிற்று. சைக்கிள் கடை கன்னியப்பன், விழுங்கவில்லை. அவன் சம்சாரம், விழுங்கவில்லை. கீழே கதவுகள் திறந்தன. என் பேரை ஏன்யா ஏலம் விடுற என்று கன்னியப்பன் கடையில் இருந்து கத்தினான். சூசைமேரி, விழுங்கவில்லை. நேற்று மீன் வாசனையோடு கை நீட்டியது அந்தம்மாதான். வாசலில் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அமலநாதன், விழுங்கவில்லை என்று படித்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெசத்தத்தான் எழுதியிருக்கியா? ஒருத்தருக்குக் கூடவா மாத்தி எழுதல?"

இல்லை முசியே என்று கத்தினேன். சொல்தாக்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, எனக்கு மட்டும் சொல்கிறதாக நினைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தெரு முழுக்கக் கேட்டது.

நாற்பத்தொன்பதாம் வருஷம். இந்தோசீனாவில் ஒரு ஆற்றங்கரைக் காவல் முகாம். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்கள் மட்டும் முப்பது பேருக்கு மேல். அங்கே குண்டில் செத்தவனைவிட மலேரியாவில் படுத்தவன் அதிகம். தினமும் காலையில் காப்பி ஊற்றுவதற்கு முன்னால் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு கொயினா மாத்திரை கொடுக்க வேண்டும். வாயைத் திற, மாத்திரை போடு, தண்ணி குடி, நாக்கைத் தூக்கிக் காட்டு. அதற்குப் பிறகுதான் நோட்டில் பேருக்கு நேரே ஒரு கோடு, அதற்குப் பிறகுதான் காப்பி. மாத்திரை கொடுப்பதும் கோடு போடுவதும் அமலநாதன் வேலை.

கொயினா தின்றால் ஆண்மை போய்விடும் என்று முகாமில் ஒரு பேச்சு கிளம்பியது. வெள்ளைக்காரன் நமக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யப் பார்க்கிறான் என்றார்கள். எல்லாரும் கல்யாணத்துக்கு நின்ற வயசு. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் போய்த் துப்பினார்கள். அவருக்குத் தெரியும். நம்ம ஊர்க்காரன்தானே, கண்டுக்காதே என்று கெஞ்சினார்கள். அவருடைய சித்தப்பா மகனும் அதில் ஒருவன். அவர் நாக்கைத் தூக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். கோடு போடுவதை நிறுத்தவில்லை.

மழை பிடித்ததும் பதினான்கு பேர் விழுந்தார்கள். பெரிய டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு நாள் விடாமல் ஒவ்வொருவனும் விழுங்கியதாகக் கோடு. விழுங்கியும் காய்ச்சல் வருகிறது என்றால் இந்த இடத்துக்கு இந்த அளவு போதாது என்று நினைத்து, எல்லாருக்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒன்றைத் துப்பினவர்கள் மூன்றைத் துப்பினார்கள். நிஜமாக விழுங்கிக்கொண்டிருந்தவர் அமலநாதன். கூட்டின அளவையும் அவர் விழுங்கினார். ஒரு மாசத்தில் காதுக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அடித்தது. அப்புறம் அந்த மணியைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. விழுந்த பதினான்கு பேரில் நான்கு பேர் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். சித்தப்பா மகன் மூன்றாவது.

"டாக்டர் மேல தப்பில்ல. அவன் நோட்டத்தான் பாத்தான். நோட்ட எழுதுனவன் நான்."

சொல்லிவிட்டு டப்பாவைக் காட்டி வாயைத் திறந்தார். மூன்று மாத்திரையையும் போட்டேன். லினெட் தண்ணீர் கொடுத்தாள். விழுங்கினார். அவரே நாக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் காட்டினார். எண்பது வயதுக் கிழவரின் வாய். உள்ளே பல் நாலோ ஐந்தோ இருந்தது.

"இப்ப எழுது" என்றார்.

லினெட்டும் விழுங்கினாள். உள்ளே போய் ஒரு கூடை ரொட்டியைக் கொண்டுவந்து கீழே வாசலில் வைத்தாள். நானும் டப்பாவோடு இறங்கி அங்கே நின்றேன். வெறும் வயிறு என்று சொல்கிறவர்கள் ஒரு துண்டு கடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். சூசைமேரி அம்மா முதலில் வந்தது. ரொட்டியைத் தொடவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனது. அதற்குப் பின்னால் அவர்கள் வீட்டு ஆட்கள் வந்தார்கள், எதிர் வீட்டில் இருந்து நாலு பேர் வந்தார்கள். சில பிள்ளைகள் ரொட்டிக்காகவே வந்தார்கள். அவர்களுக்கும் வயசுக்குத் தக்கபடி கொடுத்து, நாக்கைப் பார்த்து எழுதினேன்.

எல்லாரும் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பாதிக் கதவு சாத்தியே இருந்தது. கன்னியப்பன் வந்து மாத்திரையை வாயில் போட்டான். நாக்கைத் தூக்கச் சொன்னேன். "நான் என்னா பட்டாளத்துலயா இருக்கேன்?" என்றான், கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. கடைக்குப் போய் உள்ளங்கையில் துப்பித் துடைத்துக்கொண்டதை இங்கிருந்தே பார்த்தேன்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் தொண்ணூற்று ஏழு. இருநூற்று மூன்றில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தத் தொண்ணூற்று ஏழும் நான் கண்ணால் பார்த்தது. கீழே என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு இராமதாஸிடம் கொடுத்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வைத்துவிட்டுப் போ, களைத்துப் போயிருப்பாய் என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனபோது இராமதாஸ் டீ குடிக்க வெளியே போயிருந்தார். மேஜை மேல் எல்லாத் தெரு நோட்டும் கயிறு கட்டி அடுக்கியிருந்தது. மேலே இருந்தது என் தெரு. ஆனால் என் நோட்டு இல்லை. புது நோட்டு, மணிமணியான எழுத்து. கன்னியப்பன், விழுங்கினார். அவன் சம்சாரம், விழுங்கினார். மொத்தம் நூற்று எண்பத்து நான்கு. கடைசிப் பக்கத்தில் மாத்திரை கொடுத்தவர் பக்கிரி என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கட்டை விரல் ரேகை.

என் விரலைப் பார்த்தேன். அதில் மை இல்லை. எட்டு வருஷமாக இல்லை. யாருடையதோ விரல், என் பேருக்கு நேரே.

இன்னும் சில மாசத்தில் இந்தத் தெருவில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். புழு இருக்கும். நோட்டைப் பார்ப்பார்கள். விழுங்கியும் போகவில்லையே என்பார்கள். அதற்கு மேல் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது.

மேஜையில் இருந்த பேனாவை எடுத்து அந்த ரேகைக்குக் கீழே எழுதினேன். இது என் விரல் இல்லை. விழுங்கியது தொண்ணூற்று ஏழு பேர். நான் பார்த்தேன். பக்கிரி. எழுதி முடிக்க எனக்கு ஆகிற நேரம் ஆனது. கையெழுத்தின் கடைசிச் சுழியைப் போடும்போது இராமதாஸ் வந்து பின்னால் நின்றுவிட்டார். படித்தார். கிழிக்கவில்லை, கத்தவும் இல்லை. உனக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் நானே முடித்தேன் என்றார். பிறகு நோட்டை மூடினார்.

"நீ என்னா வேணா எழுதிக்க. கணக்க நேத்தே போன்ல சொல்லியாச்சு. இந்த நோட்ட இனிமே எவன் தொறக்கப் போறான்?"

பம்பை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நாற்காலி பேச்சே இல்லை, நானும் கேட்கவில்லை. மருந்தை ஊற்றி மூடியைத் திருகினேன். மூடி சரியாக உட்காரவே இல்லை. நாலு தடவை திருகினேன்.

அன்றைக்கு எனக்கு விட்டது அதே தெரு வாய்க்கால். முழங்கால் வரை இறங்கி அடித்துக்கொண்டு வந்தேன். சொல்தா வீட்டுக்கு நேரே வந்தபோது மாடி வராந்தாவில் இருந்து குரல் வந்தது.

"யோவ், கடைசியா எத்தினி பேருன்னு எழுதுன?"

தொண்ணூற்று ஏழு என்றேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டு, சாக்கடையில் நின்றபடியே, வாயை அகலத் திறந்து கத்தினேன்.

"தொண்ணூத்தி ஏழு முசியே. தொண்ணூத்தி ஏழு பேருதான் முழுங்குனாங்க. மீதிப் பேரு முழுங்கல."

கதவுகள் திறந்தன. கன்னியப்பன் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. கிழவர் இன்னும் கையைக் காதில் இருந்து எடுக்கவில்லை. நான் திரும்பவும் கத்தினேன்.